எழுநூற்றைம்பது வாட் என்று எழுதியிருந்த பெட்டி

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பெரியும்மாவின் மூத்த மகன் சந்தியில் நடத்தும் கொம்பியூட்டர் கடையில் எனக்கு ஒரு டெஸ்க்டொப் பொருத்தி வாங்கினோம். அவரை நான் நானா என்று கூப்பிடுவேன்.
2. பாகங்களின் பட்டியலை நான் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதிய பவர் சப்ளை கிடைக்கவில்லை என்று, 750 வாட் என லேபல் ஒட்டிய வேறொன்றை அவர் தந்தார்.
3. வாப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, நல்ல சாமான் என்றார்.
4. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.
5. நான் புரொசசரை ஓவர்குளொக் செய்தேன். அதாவது, செய்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேலே ஓடவிட்டேன்.
6. பதினோராம் நாள், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, பவர் சப்ளை வெடித்தது. மதர்போர்டும் அதோடு போனது.
7. நானா வந்து பார்த்தார். நான் வேகத்தைக் கூட்டியதால்தான் எரிந்தது, உத்தரவாதம் செல்லாது என்றார்.
8. கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னார்.
9. ஊர்ப் பெண்கள் தங்கள் லெப்டொப்புகளை என்னிடம் கொண்டு வருவதை நிறுத்தினார்கள்.

ஒன்பதாவதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து எங்கள் ஊரான கனமூலைக்குத் திரும்பிய பிறகு எனக்கு இரண்டு வேலைகள் அமைந்தன. கொழும்பில் உள்ள ஒரு கட்டட வரைஞர் அலுவலகத்துக்கு, இனிமேல் கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போன்ற சிறிய வீடியோக்களைச் செய்து அனுப்புவது ஒன்று. மற்றது நான் தேடிப் போகாமல் வந்தது. எங்கள் ஊரில் பெண்கள் தங்கள் லெப்டொப்பைக் கடையில் திருத்தக் கொடுக்க விரும்புவதில்லை. அதற்குள் கலியாணப் படங்கள் இருக்கும். வீட்டுக்குள் முக்காடு இல்லாமல் எடுத்த படங்கள் இருக்கும். கடையில் யார் எதைத் திறந்து பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. முதலில் ஒருத்தி என்னிடம் கொண்டு வந்தாள். பிறகு அவளுடைய மாமி, மாமியின் மகள், பக்கத்து வீட்டு டீச்சர். முன்வாசலில் வாப்பாவைத் தேடி வியாபாரிகள் வந்து நிற்பதால் எல்லோரும் பின்பக்கம் சமைக்கும் குசினி வாசலால்தான் வந்தார்கள். ஒரு வருடத்தில் என் அலுமாரியின் நடுத்தட்டு அவர்களுடைய லெப்டொப்புகளுக்கென்றே ஆகிவிட்டது.

பெருநாளைக்கு வீட்டுக்கு வந்த நானா அந்தத் தட்டைப் பார்த்தார். “என்ட கஸ்டமர் பாதிப் பேர் இப்ப உங்கட குசினியால போறாங்க போல, தங்கச்சி,” என்றார். உம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். சொன்னவர் சிரிக்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

டெஸ்க்டொப் வாங்கியது அந்தப் பெருநாளுக்குப் பிறகு. உறவில் கடை இருக்கும்போது வேறு கடைக்குப் போனால் பெரியும்மா மனம் நோவார் என்று உம்மா சொன்னதால் அவரிடமே போனோம்.

பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் அளவாகப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. நான் கணக்குப் போட்டுத்தான் கேட்டேன். வேகம் கூட்டிய புரொசசருக்கு இருநூற்றுப் பத்து வாட். கிராபிக்ஸ் கார்டுக்கு நூற்றெழுபது. விசிறிகளும் மற்றவையும் நாற்பது. மொத்தம் நானூற்று இருபது. அதற்கு அறுநூற்றைம்பது வாட் பெட்டி தாராளம். நானா எழுநூற்றைம்பதை எடுத்து மேசையில் வைத்தபோது, கேட்டதைவிடக் கூடுதலாகத் தருகிறார் என்று நினைத்தேன்.

வாப்பா தேங்காய் வியாபாரி. தோட்டத்தில் குவித்து வைத்திருக்கும் தேங்காய்களில் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டி, அந்தக் குவியலுக்கே ஒரு முடிவு சொல்வார். மாம்புரி வரைக்கும் உள்ள ஊர்களில் அந்தக் கைக்கு மரியாதை உண்டு. நானாவுக்கு இது தெரியும். லேபலை என்னிடம் காட்டிவிட்டு, பெட்டியை வாப்பாவின் கையில் வைத்தார்.

“தூக்கிப் பாருங்க சாச்சா. பாரம் இரிக்கா?”

வாப்பா தூக்கினார். காதருகே கொண்டுபோய் ஆட்டினார். “உள்ள ஒண்டும் ஆடல்ல. நல்ல சாமான்,” என்றார். கடையில் நின்ற வேறு இரண்டு பேரும் வாங்கித் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் மின்சாரச் சாமான் எதுவானாலும் இப்படித்தான் வாங்குவார்கள். பாரமானது நல்லது, பாரமில்லாதது பிளாஸ்டிக்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வீட்டுக்கு வந்ததும் நான்கு திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்திருக்க வேண்டும். ஓர் ஆணியின் தலைமேல் நானாவின் கடை முத்திரை ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் உத்தரவாதம் போகும். அதைவிட, சொந்தக்காரர் கொடுத்த சாமானைத் திறந்து சோதித்தாள் என்ற கதை பெரியும்மா வீட்டுக்குப் போனால் உம்மா தலைகுனிய வேண்டும். ஆகவே நான் திறக்கவில்லை. பிழை என்னுடையது என்று எதையாவது சொல்வதானால் இதைச் சொல்வேன்.

ஓவர்குளொக் செய்ததை ஊரில் விளையாட்டுத்தனம் என்றார்கள். நான் செய்த விதம் இது. ஒரு கொப்பியில் ஐந்து கட்டங்கள் போட்டேன்: வேகம், வோல்ட், வெப்பம், நேரம், முடிவு. 4.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 0.1 மட்டும் கூட்டி, புரொசசரை முழுப் பாரத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நின்றுபோகாவிட்டால்தான் அடுத்த படிக்குப் போனேன். வேகம் கூடினால் மின்சாரம் கூடும். அந்த வேகத்தைத் தாங்குவதற்கு வோல்ட்டையும் சற்றுக் கூட்டினால் மின்சாரத் தேவை இன்னும் செங்குத்தாக ஏறும். 4.9 இல், 1.31 வோல்ட்டில், எண்பத்திரண்டு பாகை வெப்பத்தில் ஆட்டம் இல்லாமல் ஓடியது. அதற்கு மேலே நான் போகவில்லை. ஒன்பது மணி நேரம் எடுத்த வீடியோ எட்டு மணி நேரத்துக்குள் முடிந்தது.

ஒரு குறி மட்டும் சரியாக இல்லை. பவர் சப்ளையிலிருந்து பன்னிரண்டு வோல்ட் வரவேண்டிய வயரில் பின்னேரங்களில் பதினொன்றரைதான் வந்தது. நான் தோட்டங்களைக் குற்றம் சொன்னேன். அஸர் நேரத்தில் எல்லோரும் ஒன்றாகத் தண்ணி மோட்டரைப் போடுவார்கள். கடல்நீர் ஏறி நிற்கும் களப்பின் கரையில் நின்றால் நுரைச்சோலை மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு இருநூறு வோல்ட்கூட வராது. காரணம் கையில் இருந்ததால் வேறு காரணத்தைத் தேடவில்லை.

பதினோராம் நாள் வெடித்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். சத்தம் ஒன்று, பிறகு எரிந்த றப்பர் மணம். உம்மா ஓடி வந்து மெயின் சுவிட்சை அணைத்தார்.

நானா மறுநாள் காலை வந்தார். பெட்டியைத் திறக்கவில்லை. என் கொப்பியை எடுத்து, புரட்டி, திருப்பி வைத்தார். என்னைப் பார்க்காமல் வாப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “செஞ்சவனுக்குத் தெரியாததா சாச்சா, நம்மட புள்ளைக்குத் தெரியப் போற? அளவா ஓடுறத அளவா ஓட விடணும்.”

வாப்பா என்னைத்தான் பார்த்தார்.

ஒரு கிழமைக்குள் கதை வளர்ந்துவிட்டது. கொம்பியூட்டரை எரித்தவள் என்று தொடங்கியது, வீட்டையே எரிக்கப் பார்த்தவள் என்றானது. முதலில் என்னிடம் லெப்டொப் கொண்டு வந்தவள்தான் முதலில் திருப்பி வாங்கவும் வந்தாள். பாதி திருத்தியபடி, பின்மூடி இல்லாமல் தட்டில் இருந்தது. மூடியைப் பூட்டித் தருகிறேன் என்றேன். பரவாயில்லை என்று, மூடியைத் தனியாக ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். குறை நினைக்க வேண்டாம், கணவருக்குப் பயமாம் என்றாள். மாதம் முடிவதற்குள் தட்டு வெறுமையாகிவிட்டது. அந்த லெப்டொப்புகள் எல்லாம் சந்திக் கடைக்குப் போயின. எந்தப் பெண்களின் படங்கள் எவருடைய கண்ணிலும் படக்கூடாது என்று என்னிடம் வந்தனவோ, அவை இப்போது நானாவின் மேசையில் திறந்து கிடந்தன.

அதற்குப் பிறகுதான் அந்த ஆணிகளைக் கழற்றினேன். இனி உத்தரவாதமும் இல்லை, உறவுக்கு மரியாதையும் இல்லை. உப்புக் காற்றில் ஆணிகள் துருவேறி இறுகிப் போயிருந்தன. மூடியின் உட்புறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, விரல் தடிப்பில் ஓர் இரும்புத் தகடு பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. அது எந்த வயரோடும் சேரவில்லை. பாரத்துக்காக வைத்தது. ஆடாமல் இருக்கப் பசை. 750 என்ற லேபலை வெந்நீர்த் துணியால் நனைத்து உரித்தேன். அடியில் இன்னொரு லேபல் இருந்தது: 400.

வாப்பாவிடம் காட்டினேன். அவர் தகட்டைத் தொடவில்லை.

“அவனுக்கும் யாரோ குடுத்திருப்பான். தெரியாம வித்திருப்பான். சபூர் செய் மகள், குடும்பத்துக்குள்ள கத வேணாம்.”

பொறுத்துப் போவதுதான் சபூர். நான் அதைச் செய்யவில்லை. காத்திருந்தேன். பழிவாங்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மென்மையான வேறு சொல்லை நான் அப்போதும் தேடவில்லை, இப்போதும் தேடவில்லை. கொப்பியின் பின்பக்கத்தில் வழிகளை எழுதி, ஒவ்வொன்றாக வெட்டினேன். படம் எடுத்து ஊர்க் குழுவில் போடலாம். நானே தகட்டை ஒட்டினேன் என்று அவர் சொல்லிவிடுவார். முறைப்பாடு செய்யலாம், அவர் தந்த பற்றுச்சீட்டில் பவர் சப்ளை என்று மட்டும்தான் இருந்தது. பெரியும்மாவிடம் சொல்லலாம், பெரியும்மா அழுவார், அதோடு முடிந்துவிடும். வெட்டாமல் மிஞ்சியது ஒரு வரி: முத்திரை உடையாத பெட்டி, எல்லோர் முன்னும், அவருடைய கையால் திறக்கப்பட வேண்டும்.

இரண்டு மாதத்தில் அது தானாக வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் சேர்ந்து எங்கள் பாடசாலைக்குப் பன்னிரண்டு கணினிகள் கொடுக்க முன்வந்தார்கள். சாமான் நானாவின் கடையிலிருந்து. பாகங்கள் பெட்டி பெட்டியாக இறங்கும், பாடசாலையிலேயே வைத்துப் பொருத்தித் தருவார். ஆனால் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: தொழில்நுட்பச் சான்றிதழ் உள்ள, கடையில் பங்கோ வேலையோ இல்லாத ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் அப்படி நான்தான் இருந்தேன். பாடசாலையின் தலைமையாசிரியையான அதிபர் டீச்சர் ஆள் அனுப்பினார். சும்மா கையெழுத்துப் போட வரமாட்டேன், சோதித்துப் பார்த்துத்தான் போடுவேன் என்று சொல்லி அனுப்பினேன். அதைத்தான் எதிர்பார்க்கிறேன் என்று அவரிடமிருந்து பதில் வந்தது.

இதற்கிடையில் என் கணினியை மீண்டும் எழுப்பியிருந்தேன். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் தப்பியிருந்தன. கூடப் படித்த தோழி தன் பழைய மதர்போர்டைத் தந்தாள். அறுநூற்றைம்பது வாட்டில் நல்ல பவர் சப்ளை ஒன்றைப் புத்தளம் டவுனில் வாங்கினேன். மீண்டும் 4.9, மீண்டும் அதே கொப்பி.

சனிக்கிழமை காலை. மண்டபத்தில் அதிபர் டீச்சர், ஆசிரியைகள், பத்துப் பதினைந்து தாய்மார். அவர்களில் அரைவாசிப் பேரின் லெப்டொப் ஒருகாலத்தில் என் தட்டில் இருந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பதால் வாப்பாவும் வந்திருந்தார். நானா புதிய சேர்ட்டில், பன்னிரண்டு பவர் சப்ளைப் பெட்டிகளையும் மேசையில் அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் 750.

என் கணினியை நடுவில் வைத்தேன். சுவரின் மின்சாரத்தை அளந்து கரும்பலகையில் எழுதினேன்: 226. பின்னேரமாக இருந்தால் தோட்டங்களைக் குற்றம் சொல்லலாம். இப்போது சொல்ல முடியாது. என்ன செய்யப் போகிறேன் என்பதைத் தாய்மாருக்கு விளங்கும்படி சொன்னேன். நான் எரித்தேன் என்று நீங்கள் கேள்விப்பட்ட கொம்பியூட்டரின் அதே புரொசசர் இது, அதே வேகம். கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து முழுப் பாரத்தில், முதலில் என்னுடைய சிறிய பெட்டியோடு அரை மணி நேரம் ஓடும். பிறகு நானாவின் பெரிய பெட்டியோடு அரை மணி நேரம் ஓடும். பெட்டி மட்டும்தான் மாறும்.

நானா எழுந்தார். “ஸ்கூல் சாமான ஓவர்குளொக்கால சோதிக்கிறதெண்டு எங்க எழுதி இரிக்கி?”

“இது கேக்கப் போறது நானூத்தி இருவது வாட் நானா. உங்கட பெட்டில எழுநூத்தியம்பது எண்டு எழுதி இரிக்கி. எழுதினதுல பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் கேக்கிறேன்.”

அதிபர் டீச்சர் அவரை இருக்கச் சொன்னார்.

என் பெட்டியோடு அரை மணி நேரம் ஓடியது. வயரில் 12.0, முடியும்வரை 11.9. தேநீர் கொடுத்தார்கள். பிறகு பன்னிரண்டில் எதைச் சோதிப்பது என்ற கேள்வி வந்தது. நானா ஒன்றை எடுத்து நீட்டினார். நான் கை நீட்டவில்லை. கடைக்காரரும் தெரிவு செய்ய வேண்டாம், நானும் தெரிவு செய்ய வேண்டாம், வாப்பா தெரிவு செய்யட்டும், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் என்றேன். யாரும் மறுக்கவில்லை.

வாப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் தூக்கினார். சிலதை இரண்டாம் தடவையும் தூக்கினார். மகன் முறையானவனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, இருப்பதிலேயே பாரமானதைத் தெரிவு செய்து என்னிடம் தந்தார். நானாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த நிமிடத்தை இப்போதும் ஆற அமர நினைத்துப் பார்ப்பேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

பொருத்தினேன். தொடக்கத்தில் 11.7. இரண்டாம் நிமிடம் 11.4. மூன்றாம் நிமிடம் 11.1. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன். நான்காம் நிமிடம் வெடித்தது. மண்டபத்தின் டிரிப் சுவிட்ச் விழுந்து விசிறிகள் நின்றன. ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். என் மதர்போர்டு இந்தத் தடவை தப்பியதா இல்லையா என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவசரப்படவில்லை. பிளக்கைக் கழற்றி, பெட்டி ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, ஆணி கழற்றும் திருப்புளியை நானாவிடம் நீட்டினேன்.

“உங்கட முத்திரை நானா. நீங்களே திறங்க.”

அவர் வாங்கவில்லை. திறக்கத் தேவையில்லை, வேறு பெட்டி தருகிறேன் என்றார். அதிபர் டீச்சர் திறக்கச் சொன்னார். மீண்டும் சொன்னார். முத்திரையைக் கிழித்து, நான்கு ஆணிகளையும் கழற்ற அவருக்கு வெகுநேரம் எடுத்தது. சூட்டில் பசை இளகி, மூடியைத் திருப்பியதும் தகடு மேசையில் விழுந்தது.

“பன்னெண்டுலயும் இதுவா?” என்று கேட்டார் அதிபர் டீச்சர்.

“எல்லாத்திலயும் இல்ல டீச்சர். நாலஞ்சிலதான்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. தெரியாமல் விற்றவருக்கு எத்தனையில் என்று தெரிந்திருக்காது. பின்வரிசையில் ஒருத்தி, “அல்லாவே, எண்ணி வேற வெச்சிரிக்கார்,” என்றாள். யாரோ சிரித்தார்கள். வாப்பா தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இத என்ட கையால தூக்க வெச்சியே மகன்,” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

நான் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். காரணத்தை ஐந்து வரியில் எழுதி இணைத்தேன்.

வாப்பா என்னோடு வீட்டுக்கு வந்தார். குசினியில் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “அவனும் என்ட கையத்தான் பாவிச்சான். நீயும் என்ட கையத்தான் பாவிச்ச.”

அவருடைய கையை நானும்தான் பயன்படுத்தினேன், அதை மறுக்கமாட்டேன். அவர் எதைத் தெரிவு செய்வார் என்று தெரிந்துதான் கேட்டேன். அவரே தெரிவு செய்தால்தான் அவர் நம்புவார் என்று நினைத்தேன். அது அவருக்கு ஊரின் முன்னால் என்ன செய்யும் என்றும் நினைத்தேன். நினைத்த பிறகும் செய்தேன்.

இப்போதைய நிலை இது. பாடசாலைக்குப் பன்னிரண்டு பெட்டிகளும் மாற்றி வந்தன. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நான் கையெழுத்துப் போட்டேன். நானாவின் கடை திறந்துதான் இருக்கிறது. ஃபோன் கவர்களும் சார்ஜர்களும் விற்கிறார், கணினி திருத்துவதில்லை. பெரியும்மா எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நானாவின் மனைவி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். வழியில் கண்டால் மறுபக்கம் போகிறாள். பெண்கள் மீண்டும் வருகிறார்கள். இன்று தட்டில் ஏழு லெப்டொப்புகள் இருக்கின்றன. வாப்பா என்னோடு சாப்பாட்டுக்கும் தொழுகை நேரத்துக்கும் தேவையான அளவு கதைக்கிறார். மதர்போர்டு தப்பியது. என் கணினி 4.9 இல் ஓடுகிறது. நானா மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டாலும் நான் கொடுப்பதாக இல்லை.